மாணவர் பேரவைப் பொறுப்புக்கு வந்தாச்சு, அடுத்து என்ன? வேலூர் வட்டாரக் கல்லூரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளில் புதிதாகப் பேரவைப் பொறுப்புக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள்தான் என் மனதில் இருக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வுப் பகுதி மட்டும் கொஞ்சம் மாறும்.

பேரவைப் பொறுப்பாசிரியராக இருந்து பார்த்ததில், புதியவர்களிடம் உழைப்பில் குறை இருப்பதில்லை. வரிசைதான் தவறும். பதவியேற்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தேடுவதிலேயே முதல் மாதம் ஓடிவிடும். விழா முடிந்து பேனரைச் சுருட்டும்போது, உதவித்தொகைப் பதிவுக்குக் கடைசி நாள் நாளை மறுநாள் என்று தெரியவரும். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவைப்படும்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கும் முன் ஐந்தைச் சேகரியுங்கள். பேரவை விதிமுறையின் நகல். உங்களை நியமித்த அல்லது தேர்தல் முடிவை அறிவித்த கல்லூரி முதல்வரின் ஆணை. போன வருடப் பேரவையின் தீர்மான நோட்டும் கணக்கும். இந்த ஆண்டுக் கல்லூரி நாட்காட்டி. கல்லூரியில் உள்ள எல்லாக் குழுக்களின் உறுப்பினர் பட்டியல்.

ஆணையின் நகலை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் போக்குவரத்துக் கழகத்துக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ மனு கொண்டுபோகும்போது "நீங்க யாருப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. அங்கே அந்த ஒரு தாள் பேசும்.

விதிமுறை நகல் கிடைக்கவில்லை என்றால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதல்வர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். சில கல்லூரிகளில் பல ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த இரண்டு பக்கம்தான் இருக்கும். அதுவும் பயன்படும். யார் கூட்டம் கூட்டலாம், எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், பணத்துக்கு யார் கையெழுத்து என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும்.

2. உங்கள் வரம்பு எதுவரை என்று தெளிவாக்குங்கள்

பேரவைக்கு மூன்று வேலைகள் உண்டு. மாணவர் குரலை உரிய இடத்தில் சொல்வது ஒன்று. சான்று, உதவித்தொகை, பேருந்து அட்டை போன்றவற்றில் கைகொடுப்பது இன்னொன்று. விழா, விளையாட்டு, மன்றங்கள் மூன்றாவது. இதில் மூன்றாவதுதான் வெளியே தெரியும், முதல் இரண்டுக்காகத்தான் மாணவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

விசாரிப்பதும் தண்டிப்பதும் உங்கள் வேலையில்லை. மதிப்பெண்ணில் தலையிடுவதும் இல்லை. இதை முதல் கூட்டத்திலேயே உங்கள் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். "சேர்மன்கிட்ட சொன்னா பார்த்துக்குவார்" என்ற பேச்சு பரவினால், முடியாத வேலையெல்லாம் உங்கள் தலையில் வந்து விழும்.

மாணவர் தேர்தலுக்கு நாடு முழுக்க அடிப்படை, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகள். 2006இல் உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்தச் சொன்னது. போட்டியிடும் இளங்கலை மாணவருக்கு வயது 17 முதல் 22, வருகை குறைந்தது 75 சதவீதம், போட்டியிடும் ஆண்டில் அரியர் கூடாது, அச்சடித்த போஸ்டர் கூடாது, ஒரு வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தேர்தல் செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். தேர்தலில் வென்று வந்தவர் என்றால் இந்தக் கணக்கை இன்றே எழுதி முடியுங்கள். தோற்றவர் தரப்பு முதலில் கேட்பது இதைத்தான்.

நம் பக்கத்தில் பல கல்லூரிகளில் வகுப்புப் பிரதிநிதிகளை நியமித்து, அவர்களிலிருந்து பேரவை அமைப்பதும் உண்டு. "நாங்க நாமினேட்டட்தானே, எங்களுக்கு என்ன பவர்?" என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டியில் உள்ள எந்த வேலைக்கும் ஓட்டு வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

3. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு ஆள்

அடுத்தது ஆட்கள். ஒரு வகுப்புக்கு ஒருவர், முடிந்தால் ஆண் ஒருவர் பெண் ஒருவர். விடுதிக்குத் தனியாக ஒருவர். ஆராய்ச்சி மாணவர்களில் ஒருவர்.

இங்கே அடிக்கடி விட்டுப்போவது இரண்டாம் ஷிஃப்ட். பேரவைத் தலைவர் முதல் ஷிஃப்டில் படிப்பார், கூட்டத்தைத் தனக்கு வசதியாக மதியம் 1 மணிக்கு வைப்பார். அந்த நேரத்தில்தான் இரண்டாம் ஷிஃப்ட் மாணவர்கள் பேருந்திலிருந்து இறங்கி வகுப்புக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஷிஃப்டும் சந்திக்கும் அரை மணி நேரத்தை நாட்காட்டியில் தேடுங்கள். அப்படி நேரமே இல்லை என்றால் மாதம் ஒரு சனிக்கிழமை.

ஆந்திர எல்லை பக்கம் என்பதால் சித்தூர்ப் பக்கத்து மாணவர்களும் நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சான்றிதழ், உதவித்தொகை விதிகள் அவர்களுக்கு வேறு. அவர்களில் ஒருவரையும் குழுவில் வையுங்கள். இல்லையென்றால் தமிழ்நாட்டுத் திட்டங்களைப் பற்றி நீங்கள் போடும் அறிவிப்பைப் பார்த்து வீணாக அலைவார்கள்.

4. குறைப் பதிவேடு: வாட்ஸ்அப் போதாது

ஒரு நீள நோட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் குறை மாலைக்குள் மேலே போய்விடும். நோட்டில் எழுதியது அப்படியே நிற்கும். கட்டங்கள் இப்படி: வரிசை எண், நாள், யார் (வகுப்பு, ஷிஃப்ட்), என்ன குறை, எப்போதிலிருந்து, கடைசி நாள் ஏதும் உண்டா, யாரிடம் கொடுத்தோம், என்ன பதில், மறுபடி கேட்க வேண்டிய நாள், முடிந்த நாள்.

"கடைசி நாள்" என்ற கட்டத்தை யாரும் போடுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். மின்விசிறி ஓடவில்லை என்பதும், தேர்வுக் கட்டணம் கட்ட முடியவில்லை என்பதும் ஒரே நாளில் வந்தால் எதை முதலில் எடுப்பது என்று அந்தக் கட்டம் சொல்லிவிடும்.

குறையை எழுதும் விதத்திலேயே பாதி வேலை முடியும். "பாத்ரூம்ல தண்ணி வரல" என்று வந்தால் அப்படியே எழுதாதீர்கள். போய்ப் பாருங்கள். எந்தக் கட்டடம், எந்த மாடி, எத்தனை மணிக்கு. பார்த்தால் "இரண்டாம் மாடி பெண்கள் கழிப்பறை, காலை 11 மணி வரை தண்ணீர் இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை" என்று தெரியவரும். வாட்ச்மேனிடம் கேட்டால் மோட்டாரைக் காலையில் ஒருமுறைதான் போடுகிறார், மதியம் போட யாரும் சொல்லவில்லை என்பார். இதற்கு மனுவே வேண்டாம், அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஒரு வார்த்தை போதும். போய்ப் பார்க்காமல் "அடிப்படை வசதி செய்து தருக" என்று முதல்வருக்கு மனு கொடுத்திருந்தால் அது கட்டடக் குழு, மதிப்பீடு, நிதி என்று சுற்றிக்கொண்டிருக்கும்.

மிக அந்தரங்கமான குறைகளை இந்த நோட்டில் எழுதக்கூடாது. அவற்றுக்கு 9ஆம் பகுதியைப் பாருங்கள்.

5. எந்த மேசை என்று கண்டுபிடிப்பது

மனு எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அதை எந்த மேசையில் வைப்பது என்று தெரிந்தவர்கள் குறைவு. பொதுவான வரிசை இது: வகுப்பு ஆசிரியர், துறைத் தலைவர், அலுவலகம் அல்லது சம்பந்தப்பட்ட குழு, முதல்வர். ஒரு படியைத் தாண்டிப் போனால், மேலே இருப்பவர் "ஹெச்.ஓ.டி.கிட்ட கேட்டீங்களா?" என்று கீழே அனுப்புவார். ஒரு வாரம் போய்விடும்.

முதல்வர் வரை போயும் தீரவில்லை என்றால் மாணவர் குறைதீர்க் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இது இருக்க வேண்டும். தலைவராக ஒரு பேராசிரியர், உறுப்பினர்களாக நான்கு மூத்த ஆசிரியர்கள், சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர். புகார் கிடைத்து 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால், அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்தப் 15 நாளைத் தவறவிடுபவர்கள் அதிகம். பதில் வந்த தேதியை உறையோடு பத்திரப்படுத்துங்கள்.

அந்த மாணவர் அழைப்பாளர் யார் என்று உங்கள் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரியாது என்று பதில் வந்தால், முதல் தீர்மானமே அதுதான்: அந்த இடத்தை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லூரிக்கு வெளியே இன்னொரு சிக்கல். 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பிள்ளைகளுக்கு ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி பிள்ளைகளுக்குத் திருப்பத்தூர். வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் சொந்த ஊர் வட்டாட்சியரிடம்தான். கல்லூரி வேலூரில் இருக்கிறது என்பதற்காக வேலூர் தாலுகா அலுவலக வாசலில் காத்திருந்து திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கல்லூரிக்குப் பேருந்து, சாலை, தெருவிளக்கு போன்ற பொதுக் குறை என்றால் கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம். வேலூரில் அது சத்துவாச்சாரியில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் போனால் மனுவுக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணைப் பதிவேட்டில் ஒட்டிவிடுங்கள்.

6. மனு: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

ஒரே மனுவில் கேன்டீன் விலை, நூலக நேரம், வண்டி நிறுத்தம் மூன்றையும் போட்டால் மூன்றுக்கும் ஆள் கிடையாது. ஒன்றுக்கு ஒன்று எழுதுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"பொருள்: நூலக நேரத்தை மாலை 6 மணி வரை நீட்டிக்கக் கோருதல்.
மதிப்பிற்குரிய ஐயா, நம் கல்லூரி நூலகம் மாலை 4 மணிக்கு மூடப்படுகிறது. இரண்டாம் ஷிஃப்ட் மாணவர்களுக்கு வகுப்பு முடிவது 5.30 மணிக்கு. எனவே அவர்கள் புத்தகம் எடுக்க வகுப்பை விட வேண்டியுள்ளது. தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களுக்கு மட்டும் நூலகத்தை 6 மணி வரை திறந்து வைக்கக் கேட்டுக்கொள்கிறோம். வகுப்புவாரியாகக் கையெழுத்துப் பட்டியல் இணைத்துள்ளோம்."

"ஆறு வாரங்களுக்கு மட்டும்" என்பதைக் கவனியுங்கள். நிரந்தரமாகக் கேட்டால் ஊழியர், சம்பளம், ஒப்புதல் என்று போகும். சோதனையாகக் கேட்டால் முதல்வர் தாமே முடிவெடுக்க வாய்ப்பு அதிகம். நன்றாக நடந்தால் அடுத்த பருவத்தில் தொடரச் சொல்லலாம்.

எப்போதும் இரண்டு பிரதி. ஒன்றில் அலுவலக முத்திரை, தேதி, கையெழுத்து வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் சண்டை வேண்டாம். அதே மனுவைக் கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகும். ஒரு வாரம் கழித்துத் தலைவரும் செயலாளரும் மட்டும் போய்க் கேளுங்கள். முப்பது பேர் போய் நின்றால் அது வேறு மாதிரியாகத் தெரியும், பதில் சொல்ல வேண்டியவர் கதவைச் சாத்திக்கொள்வார்.

7. உதவித்தொகை: பேரவையின் முதல் சேவை

இதை விரிவாகவே சொல்கிறேன். நான் பார்த்தவரை, பேரவை உருப்படியாகச் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

திட்டங்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்தவை. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை உண்டு, அதற்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனி உதவித்தொகை உண்டு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டம், அதேபோல் ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை நீட்டிக்கப்பட்டுள்ளன. புதுமைப் பெண் வாங்குவதால் வேறு உதவித்தொகை நிற்காது. இதை முதல் வருடப் பெண்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள், பயந்துகொண்டு ஒன்றை விட்டுவிடுகிறார்கள்.

தடுமாற்றம் திட்டத்தில் வருவதில்லை, தாள்களில்தான் வருகிறது. அதனால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் யூமிஸ் எண், அதாவது கல்லூரி மாணவர்களுக்கான அரசுத் தளத்தில் கிடைக்கும் எண். கல்லூரி அலுவலகம் மாணவர் விவரத்தை அதில் ஏற்றியிருந்தால்தான் விண்ணப்பம் நகரும். விட்டுப்போன பெயர்களை அலுவலகத்திலிருந்து வாங்கி வகுப்புப் பிரதிநிதிகளிடம் கொடுங்கள். உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருப்பார். "ஏன் சார் இன்னும் ஏத்தலை?" என்று போனால் முகம் சுளிப்பார். "சார், யார் யாரோட விவரம் நிக்குதுன்னு சொன்னீங்கன்னா நாங்களே கூட்டிட்டு வந்துடறோம்" என்று போனால் நாற்காலி போடுவார்.

இரண்டாவது, பெயர். ஆதாரில் "கவிதா எஸ்", பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "எஸ். கவிதா", வங்கியில் "கவிதா சங்கர்". நம் ஊரில் இன்ஷியல் படுத்தும் பாடு இது. மூன்றையும் ஒரு மேசையில் பரப்பி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியது எது என்று தெரியாமல் ஆதாரைத் திருத்த ஓடாதீர்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி மற்ற இரண்டையும் மாற்றுவதே எளிது.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. பணம் ஆதார் வழியாக வருவதால், எந்தக் கணக்கோடு ஆதார் கடைசியாக இணைக்கப்பட்டதோ அதற்குத்தான் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய எண்ணுக்குப் போக வேண்டும் என்பதில்லை. பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கு என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. 18 வயது ஆனதும் புதிதாகக் கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுக்க வேண்டும், இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லையென்றால் கணக்கு முடங்கிவிடும். பாஸ்புக் கையில் இருக்கும், கணக்கு உயிரோடு இருக்காது. அதனால் ஒவ்வொருவரையும் வங்கிக்குப் போய் ஆதார் இணைப்பு நடப்பில் உள்ளதா என்று கேட்டு, நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது, வருமானச் சான்று. சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும், வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். இ-சேவையில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று போக வேண்டும். கல்லூரி திறந்த வாரத்திலேயே பதியச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிந்தால் அந்த மூன்று கையெழுத்தும் நெரிசலில் மாட்டிக்கொள்ளும்.

இந்த நான்கையும் சரிபார்க்க ஒரு மேசை, இரண்டு மாணவர்கள், மூன்று மதிய இடைவேளை போதும். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களையும் வரச் சொல்லுங்கள். போன வருடம் வந்ததால் இந்த வருடமும் தானாக வரும் என்று புதுப்பிக்காமல் விடுபவர்கள் அவர்கள்தான்.

8. பேருந்து, தேர்வு, விடுதி

அரசுக் கலைக் கல்லூரி மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவச அட்டை. மற்றவர்களுக்குச் சலுகைக் கட்டணம். பெண்கள் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போகலாம் என்பதால் பலர் அட்டைக்கே விண்ணப்பிப்பதில்லை. வீட்டுக்குப் போகும் வழித்தடத்தில் வெளியூர்ப் பேருந்துதான் ஓடுகிறது என்றால் அவர்களுக்கும் அட்டை வேண்டும். காட்பாடி, வேலூர் கன்டோன்மென்ட் ரயிலில் வருபவர்களுக்கு மாணவர் சீசன் டிக்கெட் உண்டு. அதற்குக் கல்லூரிச் சான்று முன்கூட்டியே வேண்டும்.

"பேருந்து நிற்காமல் போகிறது" என்று போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதினால் பதில் வராது. ஒரு வாரம் நிறுத்தத்தில் இரண்டு பேரை நிறுத்துங்கள். தடம் எண், நேரம், நின்றதா, எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்று குறியுங்கள். அந்தத் தாளோடு கிளை மேலாளரைப் பாருங்கள். ஓட்டுநரையோ நடத்துநரையோ குறை சொல்லாதீர்கள், காலை 8.30க்கு இன்னொரு நடை வேண்டும் என்று கேளுங்கள்.

தேர்வு விஷயத்தில் பேரவையின் வேலை தேதிகளை உரக்கச் சொல்வதுதான். தேர்வுக் கட்டணத்துக்கு அறிவிப்பு வந்த பிறகும், விடைத்தாள் நகல், மறுமதிப்பீட்டுக்கு முடிவு வந்த பிறகும் சில நாட்களே இருக்கும். இணைவுக் கல்லூரி என்றால் பல்கலைக்கழக அறிவிப்பு, தன்னாட்சி என்றால் உங்கள் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அறிவிப்பு. முடிவு வந்த அன்றே அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தேதியைப் போடுங்கள். நகலைப் பார்க்காமல் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டி ஏமாறுபவர்கள் உண்டு. நகல் கொடுக்கும் இடத்தில் முதலில் அதை வாங்கி, அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனவர்களின் பட்டியல் பருவ இறுதியில் வரும். அப்போது மருத்துவச் சான்று தேடுவது வீண். நோய் வந்த வாரத்திலேயே துறையில் கொடுத்து முத்திரை வாங்கச் சொல்லுங்கள். பேரவை வேலைக்காக வகுப்பை விடும் உங்கள் ஆட்களுக்கும் அன்றன்றே ஓ.டி. (கல்லூரிப் பணியில் இருந்தார் என்ற வருகைப் பதிவு) எழுதி வாங்குங்கள். தலைவருக்கே வருகை குறைந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

விடுதியில் உணவைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், தண்ணீரைப் பற்றிக் கோடையில்தான் பேசுவார்கள். ஆறு இருக்கும், தண்ணீர் இருக்காது என்று வேலூரைக் கேலி செய்வது பழைய கதை. 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஏப்ரல் தேர்வு நடக்கிறது. ஜனவரியிலேயே தொட்டி கடைசியாகக் கழுவிய தேதி, குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவிக்கு வடிகட்டி மாற்றிய தேதி இரண்டையும் கேட்டு எழுதி வையுங்கள். மெஸ் குழுவில் மாணவர்கள் இருந்தால், சாமான் வந்து இறங்கும்போது எடை பார்க்க ஒருவர் நிற்கட்டும். ருசியைப் பற்றிச் சண்டை போடுவதைவிட அதில் பலன் அதிகம்.

9. ராகிங், பாலியல் தொல்லை: கேளுங்கள், விசாரிக்காதீர்கள்

புதிய பேரவைகள் செய்யும் ஆபத்தான தவறு இங்கேதான். இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சமாதானம் பேசுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் புகார் கொடுத்தவர் அதே அறையில் எதிராளியைப் பார்த்துப் பயந்து வாபஸ் வாங்குவார், சாட்சிகள் கலைந்துபோவார்கள்.

ராகிங் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. புகாரைக் கல்லூரி ராகிங் தடுப்புக் குழுவிடமோ, 24 மணி நேரமும் இயங்கும் 1800-180-5522 என்ற தேசிய எண்ணிலோ கொடுக்கலாம். உங்கள் வேலை, அந்த எண்ணை விடுதி வாசலிலும் கேன்டீனிலும் ஒட்டுவதும், புகார் கொடுக்கப் போகும்போது துணைக்கு நிற்பதும்தான்.

பாலியல் தொல்லை என்றால் உள் புகார்க் குழு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்தக் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று 2015 மானியக் குழு விதிமுறை சொல்கிறது. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நடைமுறை உங்கள் கல்லூரியில் நடந்ததா என்று கேளுங்கள். வந்த பெண்ணிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள், அதுவும் பேரவையில் உள்ள ஒரு பெண். பெயரைப் பதிவேட்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ எழுதக் கூடாது. செயலாளரிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மனம் உடைந்த நிலையில் யாராவது வந்தால் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். கூடவே இருந்து 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், கல்லூரி ஆலோசகரிடம் கூட்டிப்போங்கள்.

10. ரத்தப் பட்டியல்

வேலூரில் பேரவைக்கு வரும் தனி வேலை இது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வட மாநிலங்களிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்கு இங்கே சொந்தக்காரர் இல்லை, கல்லூரிப் பிள்ளைகளைத்தான் தேடுவார்கள். பட்டியல் வைத்திருங்கள், ஆனால் எண்களை வெளியே கொடுக்காதீர்கள். அழைப்பு உங்களுக்கு வரட்டும், நீங்கள் கொடையாளரிடம் கேளுங்கள். 18 வயது, குறைந்தது 45 கிலோ எடை வேண்டும். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. கடைசியாகக் கொடுத்த தேதியை எழுதாத பட்டியலால் பயனில்லை. காலை உணவு சாப்பிடாமல் வரும் பையனைத் திருப்பி அனுப்பிச் சாப்பிட வையுங்கள். பணம் கொடுக்க வந்தால் வாங்கக் கூடாது.

11. பணம்

பேரவைக் கட்டணம் கல்லூரிக் கணக்கில்தான் இருக்கும். செலவுக்கு முன்பணம் வாங்கி, ரசீது கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணில் வகுப்புக்கு வகுப்பு வசூல் செய்வதுதான் இப்போது பரவலாக நடக்கிறது. நேர்மையானவராகவே இருந்தாலும், அவர் அண்ணன் அனுப்பிய பணமும் விழாப் பணமும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும், பிரித்துக் காட்ட முடியாது. தவிர்க்கவே முடியாது என்றால் அதற்கென்றே ஒரு கணக்கு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ரசீது.

மேடை, ஒலிபெருக்கி, சாப்பாடு எதுவானாலும் மூன்று இடத்தில் விலை கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பில்லில் கடையின் பெயரும் தேதியும் இல்லையென்றால் அலுவலகம் ஏற்காது, கைக்காசு போகும்.

12. விழாக்கள்

இதற்கு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டே குறிப்பு: தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தேதி வையுங்கள், கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே நிகழ்ச்சியை முடியுங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் போகும் பெண்கள் ஏழு மணிக்கு மேல் புதிய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தால், மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து முதல்வருக்கு அழைப்பு வரும்.

13. ஒப்படைப்பு

கடைசிப் பருவத்தில் இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட், நேர்காணல் என்று போய்விடுவார்கள். அதனால் பிப்ரவரியிலேயே அடுத்தவர்களை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் கொடுக்க வேண்டியவை: குறைப் பதிவேடு, முத்திரை வாங்கிய மனுப் பிரதிகள், கணக்கு நோட்டும் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளும், ரத்தப் பட்டியல், பேரவை மின்னஞ்சலின் கடவுச்சொல், வாட்ஸ்அப் குழுக்களின் அட்மின் பொறுப்பு. முடியாமல் நிற்கும் மனுக்களை ஒரு தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று குறித்து, பொறுப்பாசிரியர் முன்னிலையில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் முதல்வர் அலுவலகத்தில் இருக்கட்டும்.